பிறவி சிஎம்வி: வால்கான்சிக்ளோவிர் 0.84 மி.லி.-யா, 1.4 மி.லி.-யா?

நெல்லை_அம்மா

வணக்கம். மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. 37 வாரத்தில் பிறந்தாள், எடை 2.1 கிலோ. பிறந்த அன்றே உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள், பிளேட்லெட் குறைவு. சிறுநீர் பிசிஆர் பரிசோதனையில் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) பாசிட்டிவ். தலை ஸ்கேனில் இரண்டு மூன்று இடங்களில் சுண்ணாம்புப் படிவு இருப்பதாகச் சொன்னார்கள். பெரா என்ற கேட்கும் பரிசோதனையில் இடது காது சரியாக வரவில்லை.

மூன்று வாரம் முடிந்ததும் வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினார்கள். அப்போது எடை 2.6 கிலோ. சீட்டில் 42 மி.கி., காலை, இரவு, 6 மாதம் என்று இருக்கிறது. முதல் பாட்டிலில் ஒரு வேளைக்கு 0.84 மி.லி. கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. அதே மருந்து இங்கே எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை. மருத்துவமனை ஃபார்மசியில் மாத்திரையிலிருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். இதில் 1.4 மி.லி. கொடுக்க வேண்டுமாம். டாக்டர் அதே டாக்டர், சீட்டு அதே சீட்டு. எனக்குக் கை ஓடவில்லை. ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிறதே, இது சரியா?

இன்னொன்று. என் கொழுந்தனார் இணையத்தில் தேடி, இந்த மருந்துக்கு 7-ஐ உடல் பரப்பாலும் சிறுநீரக அளவாலும் பெருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். அது வேறு எண்ணில் வருகிறது. யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

மருந்தாளர்_செ

அம்மா, முதலில் புதிய பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். "1 மி.லி.-க்கு இத்தனை மி.கி." என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதை இங்கே எழுதுங்கள். அது இல்லையென்றால் அடுத்த வேளைக்கு முன் ஃபார்மசிக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

நெல்லை_அம்மா

பார்த்தேன். பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: "30 மி.கி./மி.லி."

மருந்தாளர்_செ

அப்படியென்றால் கணக்கு சரி.

உங்கள் குழந்தைக்குப் போக வேண்டியது 42 மி.கி. அதுதான் மருந்து. மி.லி. என்பது அது எவ்வளவு தண்ணீரில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனி தரும் கரைசல் 1 மி.லி.-க்கு 50 மி.கி. 42-ஐ 50-ஆல் வகுத்தால் 0.84. உங்கள் ஃபார்மசி தயாரித்தது 30 மி.கி. 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. உள்ளே போகும் மருந்து ஒன்றேதான்.

பழைய நினைவில் இந்தப் புதிய பாட்டிலிலிருந்து 0.84 எடுத்திருந்தால் 25 மி.கி. மட்டும் போயிருக்கும், கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்கு. நாளைக்கு மறுபடி கம்பெனி பாட்டில் கிடைத்து, கைப்பழக்கத்தில் 1.4 கொடுத்தால் 70 மி.கி. இது இன்னும் மோசம். இந்த மருந்தில் நான் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். டாக்டர் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சீட்டுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவில்தான் தடுமாற்றம் வருகிறது.

அதனால் இரண்டு வேண்டுகோள். சீட்டிலும் லேபிளிலும் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் யார் கேட்டாலும் "42 மி.கி." என்றே சொல்லிப் பழகுங்கள், "ஒண்ணரை மி.லி." என்று சொல்லாதீர்கள்.

சிரிஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெட்டியில் வரும் மருந்து அளக்கும் குழாயில் 25 மி.கி.-க்கு ஒரு கோடுதான் போட்டிருக்கும், 500 மி.கி. வரைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு அது போதும். 42-ஐ அதில் எப்படி அளப்பது? ஊசி இல்லாத 1 மி.லி. அல்லது 2 மி.லி. சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். 0.84-க்கு 1 மி.லி. சிரிஞ்சு. 1.4-க்கு 2 மி.லி. சிரிஞ்சு, அதில் 0.1 கோடுகள் இருக்கும்.

சந்தேகப்பிராணி

கொழுந்தனார் போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 7 × உடல் பரப்பு × கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்). மருந்து நிறுவனத்தின் தகவல் தாளிலேயே இருக்கிறது. குழந்தையின் நீளம் 47 செ.மீ., எடை 2.6 கிலோ என்று வைத்தால் உடல் பரப்பு சுமார் 0.18 சதுர மீட்டர். கிரியாட்டினின் 0.4 என்றால் கிளியரன்ஸ் 53 அளவில் வருகிறது. பெருக்கினால் 68 மி.கி., அதுவும் நாளைக்கு ஒரே வேளை. இங்கே கொடுப்பதோ 42 இரண்டு வேளை, மொத்தம் 84. அதிகாரபூர்வத் தாளை விட்டுவிட்டு டாக்டர்கள் வேறு அளவு கொடுப்பது எப்படி? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பச்சிளம்_டாக்டர்

நல்ல கேள்வி. அந்தச் சூத்திரம் வேறு நோயாளிகளுக்கானது. இதய மாற்று அறுவை செய்த, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், சிறுநீரக மாற்று செய்த, நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் சிஎம்வி வராமல் தடுக்க நாளைக்கு ஒரு முறை கொடுக்கும் அளவு அது. வந்துவிட்ட பிறவித் தொற்றுக்குச் சிகிச்சை அல்ல. அதே தகவல் தாளில், பிறவி சிஎம்வி-யில் பாதுகாப்பும் பலனும் நிறுவப்படவில்லை என்றும் எழுதியிருக்கும். அதாவது நாங்கள் கொடுப்பது லேபிளுக்கு வெளியே உள்ள பயன்பாடு. பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது.

நீங்கள் போட்ட கணக்கில் கிரியாட்டினினை 0.4-க்குப் பதில் 0.2 என்று வைத்துப் பாருங்கள். 68 என்பது 136 ஆகிவிடும். பச்சைக் குழந்தைக்குக் கிரியாட்டினின் 0.2 வருவது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆய்வகத்தின் சிறு வித்தியாசத்தில் மருந்து இரட்டிக்கிறது. எடையும் கிரியாட்டினினும் குறைந்த குழந்தைகளுக்கு இந்தச் சூத்திரத்தால் அளவு மீறிப் போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே எச்சரித்தது. கிளியரன்ஸ் 150-ஐத் தாண்டினால் 150 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரம்பும் அதையொட்டித்தான் வந்தது.

நாங்கள் கொடுப்பது கிலோவுக்கு 16 மி.கி. என்ற கணக்கில். இனி அந்த 16 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு கூட்டாய்வுக் குழு, டேவிட் கிம்பர்லின் தலைமையில், முதலில் நரம்பு வழியாகக் கான்சிக்ளோவிர் கொடுத்துப் பார்த்தது. கிலோவுக்கு 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 6 வாரம். மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் மட்டும். 2003-ல் முடிவு வந்தது. 6 மாத வயதில், மருந்து பெற்றவர்களில் 84 சதவீதத்தினருக்குக் கேட்கும் திறன் மேம்பட்டது அல்லது இயல்பாகவே நின்றது. மருந்து பெறாதவர்களில் 59 சதவீதம். ஆனால் மருந்து பெற்றவர்களில் 63 சதவீதத்தினருக்கு நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) கணிசமாகக் குறைந்தது, மற்றவர்களில் 21 சதவீதம். ஆறு வாரம் பச்சைக் குழந்தைக்கு நரம்பு ஊசிக் குழாயோடு ஆஸ்பத்திரி வாசம் வேறு.

அதனால் வாய்வழி மருந்தைத் தேடினார்கள். கான்சிக்ளோவிரை அப்படியே வாயில் கொடுத்தால் குடல் ஏற்காது. அதோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை இணைத்ததுதான் வால்கான்சிக்ளோவிர். குடலிலும் கல்லீரலிலும் அது கான்சிக்ளோவிராக மாறிவிடும். பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் அளவு பார்த்து, வாயில் கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்தால் நரம்பில் 6 மி.கி. கொடுத்ததற்கு ஈடாக மருந்து சேர்கிறது என்று கண்டார்கள். 16 அங்கிருந்து வந்தது. ரத்தத்தில் அளந்து பார்த்து எடுத்த எண், சூத்திரத்தில் பிறந்த எண் அல்ல.

நெல்லை அம்மா, உங்கள் மகளுக்கு 2.6 × 16 = 41.6. அதை 42 என்று எழுதியிருக்கிறார்கள். சரியான அளவுதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள், அதில் குறை இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

மூன்றாம்_ஆண்டு

சார், ஒரு சந்தேகம். எங்கள் வார்டில் 30 வாரத்தில் பிறந்த 1.2 கிலோ குழந்தை, சிஎம்வி பாசிட்டிவ், கல்லீரல் வீக்கம். இதே 16 போடலாமா?

பச்சிளம்_டாக்டர்

அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாதே தம்பி. ஆய்வில் சேர்த்தது 32 வாரமும் 1800 கிராமும் தாண்டிய குழந்தைகளை மட்டும்தான். அதற்குக் கீழே சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை, இந்த மருந்து போவதோ சிறுநீரக வழியாக. குடல் உறிஞ்சுவதையும் நம்ப முடியாது. பெரும்பாலும் நரம்பு வழிக் கான்சிக்ளோவிரில் தொடங்கி, வளர்ந்ததும் வாய்க்கு மாற்றுவார்கள். உங்கள் யூனிட் தலைவரும் தொற்றுநோய் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். கேஸ் விவரம் இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

வார்டு_சிஸ்டர்

நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். டாக்டர்கள் சொல்ல மறப்பதை நான் சொல்கிறேன்.

நெல்லை அம்மா, உடைந்த பாட்டிலை யார் துடைத்தது? கையுறை போட்டிருந்தார்களா? இந்த மருந்து மேலே பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் தண்ணீரை விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். விலங்குப் பரிசோதனைகளில் கருவைப் பாதிப்பதும் புற்றுநோய் உண்டாக்குவதும் தெரிந்திருப்பதால், கர்ப்பமாக இருப்பவர்கள் பொடியையோ நுணுக்கிய மாத்திரையையோ சிரப்பையோ தொடவே கூடாது. வீட்டில் கர்ப்பிணி நாத்தனார், அண்ணி யாராவது இருந்தால் மருந்து கொடுக்கும் வேலை அவர்களுக்கு வேண்டாம். குழந்தையின் துணி மாற்றினால் கை கழுவுங்கள்.

வீட்டில் மாத்திரையை அம்மிக் குழவியில் நசுக்கித் தண்ணீரில் கலக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 450 மி.கி. மாத்திரை அது. கையளவில் பத்தில் ஒரு பங்கை எப்படிப் பிரிப்பீர்கள்? பொடியும் காற்றில் பறக்கும்.

கம்பெனி பாட்டில் என்றால் அது பொடியாக வரும். 91 மி.லி. சுத்தமான தண்ணீர் சேர்த்தால் 100 மி.லி. மருந்து ஆகும். இதை ஃபார்மசியில் கலக்கித் தரச் சொல்லுங்கள். கலக்கிய நாளிலிருந்து ஃப்ரிட்ஜில் 49 நாள் வரை வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. சின்னக் குழந்தைக்குப் பாட்டில் காலியாகும் முன்பே 49 நாள் முடிந்துவிடும். மீதியைப் பார்த்து மனசு கேட்காது, இருந்தாலும் ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாத்திரையிலிருந்து தயாரித்ததற்கு நாள் கணக்கு வேறு, அது எதில் கலந்தார்கள் என்பதைப் பொறுத்தது. கடைசித் தேதியை லேபிளில் எழுதி வாங்குங்கள்.

பால் குடிக்கும் நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கன்னத்தின் உள்பக்கமாகச் சிரிஞ்சை வைத்து, மெதுவாக, சிறுகச் சிறுக. பால் பாட்டிலில் கலந்து கொடுக்காதீர்கள், பிள்ளை பாதியில் தூங்கிவிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டித்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் கக்கிவிட்டால் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள், நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள்.

நெல்லை_அம்மா

சிஸ்டர், என் மாமியார்தான் துடைத்தார். வெறும் கையோடு. நல்லவேளை, வீட்டில் கர்ப்பிணி யாரும் இல்லை. உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். "விஷத்தையா பிள்ளைக்குக் கொடுக்கிறீங்க" என்று ஆரம்பித்துவிட்டார்!

சந்தேகப்பிராணி

பாட்டி கேட்டதில் தப்பில்லையே. கருவைப் பாதிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று நீங்களே எழுதிவிட்டு, அதையே பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் கொடுக்கச் சொல்கிறீர்கள். ஆறு வாரம் போதாதா?

பச்சிளம்_டாக்டர்

அதே குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான். 96 குழந்தைகள். எல்லோருக்கும் முதல் 6 வாரம் மருந்து. பிறகு பாதிப் பேருக்கு 6 மாதம் வரை மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் சிரப். 6 மாத வயதில் கேட்கும் திறனில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் "6 வாரமே போதும்" என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கேட்கும் திறன் மேம்பட்ட அல்லது இயல்பாகவே நின்ற காதுகளின் கணக்கில், 12 மாதத்தில் 73-க்கு 57 சதவீதம், 24 மாதத்தில் 77-க்கு 64 சதவீதம் என்று நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் முன்னே இருந்தார்கள். இரண்டு வயதில் மொழி வளர்ச்சி மதிப்பெண்ணும் அவர்களுக்குக் கூடுதல்.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. முதல் 6 வாரத்துக்குப் பிறகு, மருந்து தொடர்ந்தவர்களில் 21 சதவீதத்தினருக்கு நியூட்ரோஃபில் வெகுவாகக் குறைந்தது. வெறும் சிரப் குடித்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு. அதாவது அந்தக் கட்டத்தில் வரும் குறைவை மருந்தின் தலையிலேயே போட முடியாது.

என் கருத்து இது. மூளையோ பல உறுப்புகளோ பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 6 மாதம் கொடுப்பேன். பலன் நடுத்தரமானது, பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே உண்டான சுண்ணாம்புப் படிவு கரையாது, சிறுத்த தலை பெருக்காது. காதும் மொழியும் இன்னும் இறங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. விலங்குகளில் விந்தணு உற்பத்தி பாதித்ததும், புற்றுநோய் வந்ததும் உண்மை. சிகிச்சை பெற்ற குழந்தைகளில் அப்படி நேர்ந்ததாக இதுவரை காட்டப்படவில்லை, ஆனால் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வும் இல்லை. இந்த இரண்டையும் பெற்றோர் முன் வைத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அதனாலேயே, அறிகுறி எதுவும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ் வந்த குழந்தைக்கு நான் கொடுப்பதில்லை.

ஸ்கார்பரோ_அம்மா

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். இங்கே ஒன்ராறியோவில் 2019 முதல் பிறந்த பிள்ளைகளின் குதிக்கால் ரத்தத் துளியிலேயே சிஎம்வி பார்க்கிறார்கள். எங்கள் மகன் அப்படித்தான் பிடிபட்டான். வெளியில் பார்க்க ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒரு காது கேட்கவில்லை. வைத்தியர்கள் மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று எங்களோடு நெடுநேரம் கதைத்தார்கள். காது மட்டும் பாதித்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்று நேராகவே சொன்னார்கள்.

நாங்கள் தொடங்கினோம். நடுவில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டது, மருந்தை நிறுத்தினார்கள், ஏறியதும் திரும்பத் தொடங்கினார்கள். நெல்லைத் தங்கச்சி, உங்களுக்கும் அப்படி வந்தால் பயந்துவிடாதீர்கள்.

நெல்லை_அம்மா

அக்கா, சொல்லி வைத்தாற்போல் நேற்று சிபிசி-யில் (ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை) நியூட்ரோஃபில் 690 என்று வந்தது. போன வாரம் 1,400. டாக்டர் மருந்தை நிறுத்தவில்லை, மூன்று நாளில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். நிறுத்தாமல் விடலாமா?

பச்சிளம்_டாக்டர்

விடலாம். ஆய்வில் வைத்திருந்த கோடு 500. அதற்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, 750-ஐத் தாண்டிய பிறகு திரும்பத் தொடங்குவார்கள். மறுபடி மறுபடி விழுந்தால் அளவைப் பாதியாக்குவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் மருந்தையே விடுவார்கள். 690-ல் நெருங்கிப் பார்ப்பது சரியான முடிவு. பொதுவாக முதல் 6 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு 8-ம் வாரம், அதன்பின் மாதம் ஒரு முறை சிபிசி. கல்லீரல் என்சைம் மாதம் ஒரு முறை.

இந்தக் காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் கிளம்பிவிடுங்கள். போனதும் "வால்கான்சிக்ளோவிர் குடிக்கிற குழந்தை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மூன்றாம்_ஆண்டு

வைரஸ் லோடு (உடம்பில் உள்ள வைரஸின் அளவு) பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கலாமா சார்?

பச்சிளம்_டாக்டர்

வேண்டியதில்லை. மருந்து குடிக்கும்போது குறையும், நிறுத்தியதும் சிறுநீரில் மறுபடி ஏறும். அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல. லோடைப் பார்த்து அளவை மாற்றினால் பலன் கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் லோடு ஏறிக்கொண்டே போனால் மட்டும் வைரஸின் யுஎல்97 மரபணு மாறி மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று யோசிக்கலாம். அதற்கு முன் வீட்டில் எத்தனை மி.லி. கொடுக்கிறார்கள் என்று சிரிஞ்சைக் கையில் கொடுத்து அளந்து காட்டச் சொல்.

மருந்தாளர்_செ

டாக்டர் கடைசி வரியை நான் ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறேன் :)

எதிர்ப்பு என்று தோன்றும்போது எடையையும் பாருங்கள். இந்தக் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடையில் இரட்டிப்பதைத் தாண்டியும் போவார்கள். 2.6 கிலோவில் எழுதிய 42 மி.கி.-யே 5 கிலோவிலும் போய்க்கொண்டிருந்தால், தேவை 80, கிடைப்பது பாதி. சீட்டில் "தொடரவும்" என்று மட்டும் எழுதி அனுப்பப்படும் இடங்களில் இது நடக்கிறது. குறைந்தது மாதம் ஒரு முறை எடை பார்த்துப் புது அளவு எழுத வேண்டும். பெற்றோரே கேட்கலாம்: "இந்த அளவு எந்த எடைக்குப் போட்டது?"

வார்டு_சிஸ்டர்

எடை பார்க்கும்போது ஸ்வெட்டர், குல்லா, டயப்பர் எல்லாம் கழற்றிவிட்டு. முடிந்தவரை ஒரே தராசில். அங்கன்வாடித் தராசும் ஆஸ்பத்திரித் தராசும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள்.

சந்தேகப்பிராணி

விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆறு மாதம் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்குமா?

மருந்தாளர்_செ

மாத்திரையாவது இன்று பல கம்பெனிகளிடம் கிடைக்கிறது. அதன் பின்னால் ஒரு சென்னைக் கதை உண்டு. 2007-ல் ரோஷ் நிறுவனத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இந்த மருந்துக்கான உரிமையைக் கொடுத்தது. எச்ஐவி உள்ளவர்களுக்கு சிஎம்வி கண்ணைப் பறித்துவிடும் என்பதால் அவர்களுக்கு இது உயிர்நாடி. எச்ஐவி-யோடு வாழ்பவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பும் தமிழ்நாட்டுக் கூட்டமைப்பும் எதிர்த்தன. சிப்லா மலிவு மாத்திரையோடு சந்தையில் இறங்கியது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2010-ல் காப்புரிமை ரத்தானது. இன்று நெல்லையில் ஒரு ஃபார்மசி மாத்திரையைக் கரைத்துக் குழந்தைக்குச் சிரப் தயாரிக்க முடிகிறதென்றால், அதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

சிரப் வடிவம் கிடைப்பதுதான் இன்னும் இழுபறி. தயாரித்துத் தரும் ஃபார்மசி ஒன்றைப் பிடித்தால் ஆறு மாதமும் அதையே விடாதீர்கள், அடர்த்தி மாறாமல் இருக்கும்.

கரூர்_தகப்பன்

இதைப் படித்துக்கொண்டே வந்தேன். என் மகனுக்கு இரண்டே கால் மாதம். கேட்கும் பரிசோதனையில் இரண்டு காதும் தேறவில்லை. இப்போது எச்சிலில் பிசிஆர் எடுத்து சிஎம்வி பாசிட்டிவ் என்கிறார்கள். நாங்களும் மருந்து தொடங்கலாமா? வீட்டருகே ஒரு டாக்டர் அசைக்ளோவிர் சிரப் எழுதிக் கொடுத்தார்.

பச்சிளம்_டாக்டர்

சார், மூன்று விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துச் சொல்கிறேன்.

அசைக்ளோவிர் ஹெர்பிஸ் வைரஸுக்கு. பச்சிளம் குழந்தையின் ஹெர்பிஸில் நரம்பு வழியாகக் கிலோவுக்கு 20 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்போம், அங்கே உயிரைக் காக்கும் மருந்து அது. பிறவி சிஎம்வி-க்கு அது சிகிச்சை அல்ல. எழுதிய டாக்டரிடம் எதற்காக என்று கேளுங்கள்.

இரண்டாவது, பிறந்து 21 நாளுக்குள் எடுத்த மாதிரியில் பாசிட்டிவ் வந்தால்தான் அது வயிற்றிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு வந்தால் தாய்ப்பாலிலிருந்தோ பிரசவத்தின்போதோ வந்திருக்கலாம், நம் ஊரில் பெரும்பாலான தாய்மாருக்குச் சிறு வயதிலேயே இந்த வைரஸ் வந்து உடம்பில் தங்கியிருக்கிறது. எச்சிலில் தாய்ப்பாலின் வைரஸ் ஒட்டியிருந்தும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், அதனால்தான் சிறுநீரில் உறுதி செய்வோம். பிறந்தபோது எடுத்த குதிக்கால் ரத்த அட்டை எங்காவது பத்திரமாக இருந்தால் அதில் பார்க்கலாம். அதிலும் நெகட்டிவ் வந்தால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நிறையத் தவறவிடும்.

மூன்றாவது, நேரம். பெரிய ஆய்வுகள் எல்லாம் முதல் மாதத்துக்குள் தொடங்கியவை. காது மட்டும் பாதித்த குழந்தைகளுக்கு 13 வாரத்துக்குள் தொடங்கி 6 வாரம் கொடுத்து, கேட்கும் திறன் மேலும் இறங்குவது குறைந்ததாக நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. உங்கள் மகன் அந்த எல்லைக்குள் இருக்கிறான், ஆனால் நாள் குறைவு. இந்த வாரமே மருத்துவக் கல்லூரி ஒன்றின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

கேள்வித்_தோழி

கரூர் சார், நான் ஆடியாலஜிஸ்ட். மருந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காதுக்கான வேலை தனியாக நடக்க வேண்டும். ஓஏஇ (உள்காதை மட்டும் பார்க்கும் முதற்கட்டச் சோதனை) மட்டும் எடுத்திருந்தால் போதாது, பெரா எடுங்கள். மூன்று மாதத்துக்குள் எவ்வளவு கேட்கிறது என்பது தெரிய வேண்டும், ஆறு மாதத்துக்குள் காது மெஷின் போட்டிருக்க வேண்டும். இரண்டு காதும் கடுமையாகப் பாதித்திருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி இப்போதே பேச்செடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். உங்கள் மாவட்டத்தின் டிஇஐசி-யில் (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) பதிந்து வைத்தால் பேச்சுப் பயிற்சி, காப்பீட்டுப் பேப்பர் வேலை இரண்டுக்கும் உதவுவார்கள்.

நெல்லை அம்மா, வலது காது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சிஎம்வி-யில் காது பிறகும் இறங்கும், வருடங்கள் கழித்துக்கூட. முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு வயது வரைக்குமாவது வருடம் ஒரு முறை பரிசோதனை. மருந்து முடிந்ததும் பலர் காதுப் பரிசோதனையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

கரூர்_தகப்பன்

நன்றி மேடம், நன்றி டாக்டர். நாளை காலையிலேயே கிளம்புகிறோம். ரத்த அட்டையைப் பற்றிப் பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டால் தருவார்களா?

வார்டு_சிஸ்டர்

எல்லா இடத்திலும் அட்டை எடுப்பதில்லை. எடுத்திருந்தால் பரிசோதனைக்கு அனுப்பிய ஆய்வகத்தில் இருக்கலாம். பிரசவ டிஸ்சார்ஜ் தாளில் "நியூபார்ன் ஸ்கிரீனிங்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குழந்தையின் பதிவு எண்ணைச் சொல்லி இன்றைக்கே போனில் கேட்டுவிடுங்கள், பல ஆய்வகங்கள் கொஞ்ச நாள்தான் வைத்திருக்கும்.